ரங்கூன் மழைக்கும் மின்வெட்டுக்கும் தாங்குகிற எலெக்ட்ரிக் கிட்டார் எது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி மகன் வீட்டுக்கு வந்தான். கையில் போன், போனில் மூன்று படம். “மாமா, இதுல எதை வாங்கலாம்?”

மூன்றும் எலெக்ட்ரிக் கிட்டார். மூன்றும் கைமாறி வருபவை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்: மேலும் கீழும் கொம்பு வைத்த உடல், மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம். இரண்டாவது லெஸ் பால் வடிவம்: ஒரு பக்கம் மட்டும் வெட்டு விட்ட தடித்த உடல், இரட்டைச் சுருள் வைத்த ஹம்பக்கர் பிக்கப் இரண்டு. மூன்றாவது, தூரத்திலிருந்து பார்த்தால் முதலாவதின் தம்பி. கம்பிகள் உடலில் ஊன்றி நிற்கும் பிரிட்ஜ் ஓரத்தில் மட்டும் சிங்கிள் காயிலுக்குப் பதிலாக ஒரு ஹம்பக்கர் இருந்தது. ஒரு ஹம்பக்கர், இரண்டு சிங்கிள் காயில் என்பதால் கடைக்காரர்கள் இதை ஹெச்எஸ்எஸ் என்பார்கள்.

பையன் இரண்டு வருஷமாக என் பழைய அகூஸ்டிக்கில் பழகியவன். கூட்டாளிகளோடு பர்மிய ராக் வாசிக்கிறான். அயர்ன் கிராஸ் குழுவின் கிட்டார்க் கலைஞர் சிட் சான் மௌங் வாசிப்பு என்றால் அவனுக்கு உயிர். கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று எங்கள் இன்னிசைக் குழு போகிற இடத்துக்கும் கூடவே வருகிறான். அங்கே இளையராஜாவும் எம்.எஸ்.வி.யும்தான். இரண்டு கிட்டார் வாங்க வசதி கிடையாது. ஒன்றே இரண்டு பக்கத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

நான் பதில் சொல்லவில்லை. எங்கே வாசிக்கப் போகிறாய், எதில் தூக்கிக்கொண்டு போகப் போகிறாய், கரண்ட் எங்கிருந்து வரப் போகிறது என்று கேட்டேன். இணையத்தில் கிட்டார் விமர்சனம் நிறையப் பார்க்கிறவன் அவன். அந்த விமர்சகர்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து, ஒழுங்காக எர்த் இழுத்த பிளக்கில் ஆம்ப்பை (ஒலி பெருக்கும் பெட்டியை)ச் சொருகி வாசிக்கிறார்கள். நமக்கு மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை சுவர் வியர்க்கும். கரண்ட் சில மணி நேரம் வரும், பல மணி நேரம் போகும். திரும்ப வந்தால் தெருவே ‘மீ லாப்யீ!’ (கரண்ட் வந்துவிட்டது!) என்று கத்தும். கல்யாண மண்டபத்தில் பாதிக் கச்சேரி ஜெனரேட்டரில் ஓடும். அங்கே சின்னக் குறை என்று ஒதுக்குவது இங்கே பெரிய தலைவலியாகிவிடும். அங்கே சாதாரணமாக நினைப்பது இங்கே கிட்டாரைக் காப்பாற்றும்.

கரண்ட் இல்லாத ஊரில் கரண்ட் கிட்டாரா?

தங்கச்சி கேட்டது இதைத்தான். “அண்ணே, இருக்கிற அகூஸ்டிக்கே போதாதா? அதுக்குக் கரண்டும் வேணாம், ஸ்பீக்கர் பெட்டியும் வேணாம்.”

நியாயமான கேள்வி. வீட்டில் உட்கார்ந்து பாடவும், பஜனையிலோ ஜெபக் கூட்டத்திலோ கூடச் சேர்ந்து வாசிக்கவும் மட்டும் என்றால் நானும் அகூஸ்டிக்தான் சொல்லியிருப்பேன். எடுத்த உடனே ஒலி, ஒயர் தொல்லை இல்லை. ஆனால் ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த குழுவில் அதற்கு மைக் வைத்தால் ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கிப் பெட்டியும் சேர்ந்து அதிரும். உடனே ஊளைச் சத்தம் கிளம்பும். இன்னொன்று, மழை. அகூஸ்டிக்கின் மேல்பலகை மூன்று மில்லிமீட்டருக்கு உள்பட்ட கனம்தான். ஈரம் குடித்தால் வயிறு தள்ளும், கம்பி மேலே ஏறும், சில சமயம் பிரிட்ஜே பசை விட்டுக் கிளம்பும். எலெக்ட்ரிக்கின் உடல் நாலரை சென்டிமீட்டர் கனமுள்ள கட்டை, மேலே கெட்டியான பூச்சு. அது எளிதில் அசையாது. அசைவது கழுத்துதான். அதற்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது, சாவி போட்டுக் கால் திருப்புத் திருப்பினால் நிமிர்ந்துவிடும். மழைக்காலத்தைப் பொறுத்தவரை எலெக்ட்ரிக்தான் உரமான பிள்ளை.

கரண்ட் வேண்டியது ஆம்ப்புக்குத்தான், கிட்டாருக்கு இல்லை. சாதாரணப் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் தானாகவே சின்ன மின்னோட்டம் பிறக்கும். பேட்டரியில் ஓடும் ஆம்ப் ஒன்று இருந்தால் வீட்டுப் பழக்கத்துக்குப் போதும். ரோலண்ட் மைக்ரோ கியூப் போன்ற குட்டிப் பெட்டி ஆறு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும். ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரையும் எழுப்பாமல் வாசிக்கலாம், அகூஸ்டிக்கில் அது முடியாது. இதைச் சொன்னதும் தங்கச்சி ஒத்துக்கொண்டாள்.

ஊங் என்ற அந்தச் சத்தம்

இனி மூன்று கிட்டாருக்கும் வருவோம். முதல் பெரிய வித்தியாசம் பிக்கப்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. உண்டாக்கிய லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அவர் வைத்த மெல்லிய சிங்கிள் காயிலின் ஒலி மணி தட்டியது போல இருக்கும். இளையராஜா பாட்டுகளில் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் பின்னால் கிட்டார் ஒரு ஓரமாகக் கம்பி கம்பியாக மீட்டிக்கொண்டே போகுமே, அந்த இடத்துக்கு இதுதான் பொருந்தும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும், பாடுகிறவர் குரலை மறைக்காது. கழுத்துப் பிக்கப்பையும் நடுப் பிக்கப்பையும் சேர்த்து வைத்தால் வருகிற அந்தத் துளிர்ப்பான ஒலிக்காகவே நான் இருபது வருஷம் ஸ்ட்ராட் வடிவத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

அதன் நோயும் அங்கேதான். ஒற்றைச் சுருள் ஒரு ஏரியல் மாதிரி. சுவருக்குள் ஓடும் ஒயர், டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், போன் சார்ஜர் என்று எல்லாவற்றின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஆம்ப்பில் ‘ஊங்’ என்று கேட்கும். இன்வெர்ட்டர் வந்தால் இன்னும் மோசம். விலை குறைந்த இன்வெர்ட்டர் கொடுப்பது வழவழப்பான அலையாக இருக்காது, படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். அதன் இரைச்சல் தேனீக் கூட்டை அசைத்தது போல் ரீங்கரிக்கும். ராக்குக்காக ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் பாட்டு எவ்வளவு பெருகுமோ இரைச்சலும் அவ்வளவு பெருகும்.

ஒரு கல்யாணத்தில் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தோம். கெட்டிமேளம் ஓய்ந்தது, பெரியவர்கள் ஆசீர்வாதம் சொல்லத் தொடங்கினார்கள், மண்டபமே அமைதி. அந்த அமைதியில் என் ஆம்ப் மட்டும் ‘ஊங்’ என்றது. முன்வரிசையில் இருந்த தாத்தா திரும்பிப் பார்த்தார். வால்யூம் குமிழை மூடினேன், நின்றது. அன்றிலிருந்து பாட்டு முடிந்த மறு நொடி என் சுண்டுவிரல் தானாகக் குமிழுக்குப் போய்விடும். சிங்கிள் காயில் வாங்குகிறவர் இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

லெஸ் பால் 1952இல் வந்தது. அதில் ஹம்பக்கர் ஏறியது 1957இல். கிப்சன் கம்பெனியின் செத் லவர் செய்த வேலை அது. இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுருளில் ஏறும்போது மற்றதில் இறங்கும், இரண்டும் அடிபட்டுப் போகும். கம்பியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடும். அதனால் ஓசை கனமாகவும் இருக்கும், இரைச்சலும் அடங்கும். பையனுக்குப் பிடித்த ராக் வாசிப்புக்கு, அதுவும் ஜெனரேட்டர் மேடையில், இதற்கு இணை கிடையாது. ஒரே மண்டபத்தில் இரண்டையும் மாற்றிச் சொருகிப் பார்த்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ஹம்பக்கரின் குறை சாந்தமான பாட்டில் தெரியும். கழுத்துப் பிக்கப்பில் வைத்து மீட்டினால் அடிக்கம்பிகள் குழைந்து பேஸ் கிட்டார் மேல் ஏறிக்கொள்ளும். பாட்டுக்குக் கிட்டார் அழகு சேர்க்க வேண்டிய இடத்தில் மந்தமாக ஒரு போர்வை விழும். டோன் குமிழைத் திறந்து, வால்யூமைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம். சமாளிப்புத்தான்.

மூன்றாவது கிட்டாரின் பலம் இங்கே தெரிய வந்தது. பிரிட்ஜில் ஹம்பக்கர், ராக்குக்கு. கழுத்திலும் நடுவிலும் சிங்கிள் காயில், நம் பாட்டுக்கு. யமஹா பசிஃபிகா 112வி இந்த வகைக்குப் பலரும் அறிந்த உதாரணம். அதில் டோன் குமிழை வெளியே இழுத்தால் ஹம்பக்கரில் பாதி அடங்கி ஒற்றைச் சுருளாகும். இழுத்து வைத்தால் ஊங்கும் திரும்ப வரும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிறைய கிட்டார்களில் நடுப் பிக்கப்பை எதிர்ச்சுற்றாகச் சுற்றியிருப்பார்கள். அப்படி இருந்தால் கழுத்தும் நடுவும் சேரும் இடத்தில் இரைச்சல் தானே அடங்கிவிடும். வாங்கும்போது ஐந்து இடத்திலும் சுவிட்சை வைத்துக் கேளுங்கள்.

பிக்கப் பேச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது ஒலியைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது. கிட்டார்க் கம்பிக்கும் ஆம்ப்பின் எர்த்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டு முள் பிளக்கில், எர்த் இல்லாமல் ஆம்ப் ஓடும்போது கையில் கிட்டாரும் உதட்டில் மைக்கும் பட்டால் சுளீர் என்று அடிக்கும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா மேடை மாதிரி ஈரமான இடத்தில் அது சுளீரோடு நிற்காது. எந்தப் பிக்கப்பும் இதற்கு மருந்தாகாது. மைக் செட்டும் ஆம்ப்பும் ஒரே எர்த்தில் இருக்கிறதா என்று கரண்ட் வேலை பார்க்கிறவரை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு மேடை ஏறாதீர்கள். நல்ல வயர்லெஸ் போட்டால் ஆளுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஒயர்த் தொடர்பே அறுந்துவிடும். பையனிடம் இதை மூன்று தடவை சொன்னேன்.

கழுத்தும் அதன் பயணமும்

ரங்கூன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. டாக்சிக்குக் கொடுத்துக் கட்டாது. ஆகவே நம் பிள்ளைகளின் கிட்டார் பயணம் செய்வது ஒய்பிஎஸ் பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவில், மெல்லிய துணிப் பையில். இந்தப் பயணத்தில் லெஸ் பால் வடிவத்தின் பெரிய பலவீனம் தெரியும். அதன் ஹெட்ஸ்டாக், அதாவது கம்பியை முறுக்குகிற தலைப்பகுதி, கழுத்தோடு நேராக இருக்காது, ஏறக்குறைய 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். கம்பிக்கு நல்ல அழுத்தம் கிடைக்க அப்படி வைத்தார்கள். ஆனால் மகோகனிக் கழுத்து, அதுவும் டிரஸ் ராட் சாவிக்காகக் குடைந்த அதே இடத்தில் மெலிந்திருக்கும். மல்லாக்க விழுந்தால் தலைதான் முதலில் தரையில் மோதும்.

எனக்கே நடந்தது. கோயில் திருவிழாக் கச்சேரிக்கு முன் சாப்பிடப் போனேன். கிட்டாரை மடப்பள்ளிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். யாரோ அண்டா தூக்கிப் போகும்போது லேசாகத் தட்டியிருக்கிறார்கள். பெரிய சத்தம்கூட இல்லை. பையைத் திறந்து பார்த்தால் தலை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், நடுவில் ஆறு கம்பி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. கிட்டார் பார்க்கிறவர் யாரும் கிடைக்கவில்லை. தேக்கு அலமாரி செய்கிற தச்சர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். மெல்லிய தகட்டால் பிளவுக்குள் மரப்பசையைத் தள்ளி, இரண்டு கிளாம்ப் போட்டு, மறுநாள் வரை தொடாதே என்றார். பத்து வருஷம் ஆகிறது, இன்றும் சுருதி நிற்கிறது. நல்ல பசை பிடித்தால் அந்த இடம் பக்கத்து மரத்தைவிட உறுதியாக இருக்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு பிசையும்.

ஸ்ட்ராட் வடிவத்தின் தலை கழுத்தோடு நேராகவே போகும். கழுத்து உடலோடு பசையில் ஒட்டியிருக்காது, நாலு ஸ்க்ரூவில் இறுக்கியிருக்கும். கழுத்தே போனாலும் கழற்றி வேறு மாட்டலாம். வெளியூர்ப் பொருள் வந்து சேர மாதக் கணக்கில் ஆகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. எடையும் பாருங்கள். லெஸ் பால் நாலு கிலோ, நாலரை கிலோவும் போகும். ஸ்ட்ராட் மூன்றரைக்குப் பக்கத்தில் நிற்கும். மூன்று மணி நேரக் கச்சேரியில் அந்த ஒரு கிலோ இடது தோளில் உட்கார்ந்துகொள்ளும்.

லெஸ் பாலுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும், அது நம் பாட்டோடு சம்பந்தப்பட்டது. ஸ்ட்ராட்டில் கம்பி அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். லெஸ் பாலில் ஏறக்குறைய 628. நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுவிசையும் குறைவு, கம்பி விரலுக்கு இணங்கும். கமகம் வாசிக்கிறவருக்கு இதன் அருமை தெரியும். ஒரு ஸ்வரத்திலிருந்து மேல் ஸ்வரத்துக்குக் கம்பியை இழுத்து, தொட்டு, திரும்பி வந்து, பாதியில் அசைத்து நிறுத்த வேண்டும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் செய்ததும், பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதும் இந்த நுட்பத்தால்தான். சாமி பாட்டில் ஒரு நீண்ட சங்கதியை வாசிக்கும்போது என் ஒட்டுப்போட்ட லெஸ் பால் வடிவத்தை விரல் தேடத்தான் செய்கிறது. ஸ்ட்ராட் வடிவத்தில் மெல்லிய 9 செட் கம்பி போட்டால் பாதி வித்தியாசம் குறைந்துவிடும். மீதியை விரல் பழகிக்கொள்ளும்.

பிரிட்ஜ்: ஒரு கம்பி அறுந்தால் என்ன ஆகும்?

பையன் பார்த்த முதலாவதிலும் மூன்றாவதிலும் ட்ரெமொலோ இருந்தது. கம்பியைச் சேர்த்து ஆட்டுகிற அந்தக் குச்சி. பின்பக்கம் ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் இழுக்க, கம்பிகள் மறுபக்கம் இழுக்க, பிரிட்ஜ் தராசு மாதிரி நடுவில் நிற்கும். ஒரு கம்பி அறுந்தால் தராசு சாய்ந்துவிடும், மீதி ஐந்தும் சுருதி ஏறிப் போகும். பாட்டு நடுவில் அது நடந்தால் வாசிப்பை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. ஈரக் காற்றில் கம்பி துருப்பிடித்துச் சீக்கிரம் அறுகிற ஊர் இது. லெஸ் பாலில் அந்தக் கவலை இல்லை. பிரிட்ஜ் உடலில் நிலையாக ஊன்றி நிற்கும், ஒன்று போனால் ஒன்றுதான்.

ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி கம்பியைப் பூட்டி வைக்கிற ட்ரெமொலோவைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். கம்பி மாற்ற ஆலன் சாவியும் அரை மணி நேரமும் பொறுமையும் வேண்டும். பெரிய உடலில் எஃப் வடிவத் துளை வைத்த அரைக்குடைவு கிட்டார்கள் நம் மெல்லிசைக்கு அருமையாக இருக்கும், ஆனால் பஸ்ஸில் எடுத்துப் போக முடியாது.

என் சொந்த விருப்பம் இவை எதுவும் இல்லை, டெலிகாஸ்டர் வடிவம். 1950இல் ஃபெண்டர் வேறு பெயரில் விற்கத் தொடங்கி, மறுவருஷம் இந்தப் பெயர் வைத்தார்கள். ஒரு பலகை, நாலு ஸ்க்ரூவில் ஒரு கழுத்து, அசையாத பிரிட்ஜ், இரண்டு குமிழ், ஒரு சுவிட்ச். கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. சாதாரண டெலிகாஸ்டரில் சிங்கிள் காயில்தான், ஊங்கும் உண்டு. உடல் விளிம்பு விலா எலும்பில் குத்தும். பையன் அதைப் பார்த்ததும், “பலகை மாதிரி இருக்கு மாமா” என்றான். கையில் எடுக்க ஆசை வராத கிட்டார் மூலையில் கிடக்கும். வற்புறுத்தவில்லை.

கடையில்

மூன்றையும் நேரில் பார்க்கப் போனோம். முதலில் ஆம்ப் போடாமல் மடியில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தோம், துப்பாக்கி குறி பார்ப்பது போல. கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃபிரெட். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்தினால் ஏழு, எட்டாம் ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளிதான் இருக்க வேண்டும். நெல் மணி நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மழைக்கால வளைவை டிரஸ் ராட் சரிசெய்யும், முறுக்கிக்கொண்ட கழுத்தை அது சரிசெய்யாது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழும் ஒலியும், அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசிக்க வேண்டும். அவசரப்படுத்தினால் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

லெஸ் பால் வடிவத்தை எடுத்தேன். ஒலி பிரமாதம். பையன் முகம் மலர்ந்துவிட்டது. கழுத்தின் பின்புறத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். சுருதி முளைகளுக்குச் சற்றுக் கீழே பூச்சுக்கு அடியில் ஒரு கோடு. நகத்தால் தடவினேன், தட்டியது. எனக்குப் பழக்கமான கோடு. கேட்டதும் விற்பவர் ஒத்துக்கொண்டார், விலையையும் குறைத்தார். வீட்டிலேயே வைத்து வாசிக்கிறவர் என்றால் அந்த விலைக்கு வாங்கலாம், ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. தினமும் பஸ்ஸில் போகிற பதினெட்டு வயதுப் பையனுக்கு வேண்டாம் என்று கீழே வைத்தேன். வைக்க மனசு வரவில்லை.

ஸ்ட்ராட் வடிவம் சுத்தமாக இருந்தது, நம் பாட்டுக்கு அப்படியே உருகியது. கடையில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. பையன் டிஸ்டார்ஷன் போட்டு பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றியதும் தேனீக் கூட்டம் எழுந்தது. எந்தப் பக்கம் திரும்பி நின்றும் அடங்கவில்லை. அவன் தானாகவே சுவிட்சை அணைத்தான்.

மூன்றாவது, பார்க்கக் கொஞ்சம் பாவம். பிரிட்ஜ் ஸ்க்ரூக்களில் துரு. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகர. ட்ரெமொலோவை ஆட்டிவிட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் கழுத்து நேர், ஃபிரெட் தேயவில்லை, ஒரு ஸ்வரமும் இரையவில்லை. ஹம்பக்கரில் அதே இன்வெர்ட்டர் வாய் மூடிக்கொண்டது. துருவும் கரகரப்பும் நாம் சரிசெய்யக்கூடிய நோய். குமிழுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்பினால் கரகரப்புப் போகும். வளைந்த கழுத்தையும் தேய்ந்த ஃபிரெட்டையும் வீட்டில் சரிசெய்ய முடியாது.

அதையே வாங்கினோம். கையிலிருந்த பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிட்டாருக்கு, மீதி பேட்டரி ஆம்ப், கம்பி இரண்டு செட், கெட்டியான பெட்டிக்கு. எல்லாப் பணத்தையும் கிட்டாரில் போட்டுவிட்டு மட்டமான ஆம்ப்பில் சொருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், காதில் விழுவது ஆம்ப்பின் குரல்தானே. வால்வு ஆம்ப்பைப் பற்றியும் கேட்டான். ஒலி அருமை, ஆனால் ஏறி இறங்குகிற வோல்டேஜில் அதை வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. கம்பியில் பூச்சுப் போட்ட வகையை எடுத்தோம். விலை கூடுதல், மழையில் மூன்று மடங்கு உழைக்கும் என்பது என் அனுபவம். பெட்டிக்குள் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துணியால் துடைக்க வேண்டும், வியர்வைதான் முதல் துரு.

ட்ரெமொலோ ஒன்றுதான் பாக்கி. அதற்கு அதே தச்சரிடம் போனோம். வயதாகிவிட்டது, கை நடுங்கவில்லை. பின்பக்க மூடியைக் கழற்றி, பிரிட்ஜின் தட்டு உடலோடு நன்றாகப் படியும்வரை ஸ்பிரிங்கை இறுக்கினோம். குழிக்குள் தொங்கும் இரும்புக் கட்டைக்கும் வால்பக்க மரச்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அவர் ஒரு தீக்குச்சியை வைத்து அளந்தார். மேசைக் கால் வெட்டியதில் மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றை எடுத்து, இழைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி இழைத்து, கட்டைவிரலால் அழுத்தி உள்ளே இறக்கினார். பிரிட்ஜ் அசைவதை நிறுத்திவிட்டது.

பையன் சுருதி சேர்த்தான். நான் கனத்த அடிக்கம்பியின் முளையைத் திருகி, கம்பி தொளதொளவென்று தொங்கும்வரை தளர்த்தினேன். மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். ட்யூனரின் முள் ஐந்து தடவையும் நடுக்கோட்டில் நின்றது.